வீட்டில் மட்டும் அணையும் லேப்டாப்

சனிக்கிழமை காலை ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் அகலமான மரப்பலகையோடு நாகலாபுரத்தில் கோவில்பட்டி பஸ் ஏறினேன்!

"என்னக்கா, சீட்டு கிடைக்காதுன்னு வீட்ல இருந்தே கொண்டாந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

(சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.)

விஷயம் இதுதான். வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பாதியில் லேப்டாப் திரை கறுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப வரும். அதற்குள் டெஸ்ட் மூடியிருக்கும்!

திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்கென்று அமைகிற முதல் வேலை. விட மனசே இல்லை.

அந்தக் கம்பெனியின் ஹெல்ப்லைனில், "சாஃப்ட்வேர் பிரச்சினை மேடம், ஃபார்மட் பண்ணிடுங்க" என்றார்கள்.

என் வீட்டுக்காரர், "ஏட்டி, போர்டு போயிருக்கும். ஹார்டுவேர்தான்" என்றார். (இவர் கழற்றிய மிக்ஸி இன்னும் பரணில்தான் இருக்கிறது.)

இரண்டில் எது? பயத்தைவிட இந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

வியாழக்கிழமையே கோவில்பட்டியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெயா அக்காவிடம் போயிருந்தேன். அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"இதுல வேற சிஸ்டம் இருக்கு. உன் விண்டோஸைத் தொடாம இதுல இருந்து ஓட்டுதேன். அப்பவும் அணைஞ்சா ஹார்டுவேர். அணையலன்னா சாஃப்ட்வேர். அம்புட்டுத்தான்."

எவ்வளவு எளிமையான சோதனை!

ஒரு மணி நேரம் ஓடியது. அணையவில்லை.

"அப்போ சாஃப்ட்வேர்தானக்கா?"

"பொறு" என்று விண்டோஸையும் ஒரு மணி நேரம் ஓட்டினார். அதுவும் அணையவில்லை!

வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் பலகையில் வைத்து, கொஞ்சம் என் பக்கம் இழுத்து, டைப் செய்ய ஆரம்பித்தேன். கறுப்பு.

போனில் அக்காவிடம் புலம்பினேன்.

"கடையில ஓடுது, வீட்ல அணையுதுன்னா ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கணும். நீ வீட்ல எதெல்லாம் வச்சு வேல பாக்குதியோ அம்புட்டையும் அள்ளிட்டு வா."

சார்ஜர், மவுஸ், பலகை. அதனால்தான் பஸ்ஸில் பலகை!

என் மாமனார் மிளகாய் வத்தல், மல்லி அரைக்கிற மில் வைத்திருக்கிறார். நான் லேப்டாப்பை மடியில் வைத்து அவதிப்படுவதைப் பார்த்து, "இது மில்லுல சும்மா கிடக்கும்மா, வச்சுக்கோ" என்று அவரே துடைத்துக் கொடுத்த பலகை அது.

அக்கா கடையில் அதை விரித்து, லேப்டாப்பை வீட்டில் போலவே இழுத்து வைத்தேன். கறுப்பு! பென்டிரைவில் ஓட்டியும் கறுப்பு!

"அப்போ ஹார்டுவேர்தான்" என்று அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமைக்குள் எங்கே போய் வேறு லேப்டாப் தேடுவது?

முதல் ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகை மேல் போட்டார்.

அது எழுந்து நின்றது!

இரண்டாவதைப் போட்டார். அதுவும் அதன் பக்கத்தில் போய் நின்றது.

"ஏட்டி, இது என்ன பலகை?"

உடனே மாமாவுக்கு போன் போட்டேன்.

"அதுவா? வத்தலோட ஆணி, கம்பி எல்லாம் வந்து மிசினக் கெடுக்கும்லா. அதான் பழைய ஸ்பீக்கர் காந்தத்த ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அடிச்சேன். வத்தல அது மேல சரிச்சு விட்டா இரும்பு ஒட்டிக்கிடும். இப்பதான் புதுசு வாங்கிட்டோம்லா!"

அக்கா சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"லேப்டாப் மூடியில சின்னக் காந்தம் இருக்கு. மூடினா கீழ உள்ள சென்சார் அதக் கண்டுபிடிச்சு, லேப்டாப்பத் தூங்க வச்சிரும். உன் பலகை அத ஏமாத்திருக்கு. திறந்து வச்சிருக்கும்போதே மூடியாச்சுன்னு நினைக்குது!"

ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது. சாஃப்ட்வேரும் நன்றாக இருக்கிறது. நான் வைத்த இடம்தான் கோளாறு!

மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "என்னாலதான் ரெண்டு தடவையும் போச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மோட்டாரிலும் காந்தம் இருக்குமே என்று, திங்கட்கிழமை டெஸ்ட் முடியும்வரை மில்லை நிறுத்திவிட்டார். என் அறையிலிருந்து கத்தரிக்கோல், சாவிக்கொத்து, பூட்டு எல்லாம் வெளியே போனது. காய் நறுக்க வந்த அத்தையையும் விடவில்லை.

"ஏட்டி, இரும்பத் தூக்கிட்டு இங்கன வராத! அங்கன வாசல்ல போய் நறுக்கு!"

(அரிவாள்மணைக்கு அந்தச் சக்தி கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.)

திரை ஒரு தடவைகூட அணையவில்லை. முழுசாக எழுதினேன்.

இன்று மதியம் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! அழுகையும் சிரிப்புமாக வீடு முழுக்கக் கத்திச் சொன்னேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று நாளாக வாசலிலேயே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அத்தை மட்டும் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ அருவாமணைய உள்ள கொண்டாரலாமா?"