இரண்டு அலைவரிசையும் ஒரு ஸ்டெல்லாவும்

செல்போன் டவர் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் வேண்டியது படிப்பு அல்ல, தடித்த தோல். கரண்ட் ஆபீஸ், கேபிள் டிவி, குடிதண்ணீர் என்று ஊர்ப் புகாரைத் தலையில் சுமக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் சிக்னல் சரியில்லை என்றாலும் போய் நிற்கிறவன் நான். நின்று நின்று கால் மரத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பங்கு

பிள்ளையார்பாளையம் டவரில் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துவிட்டார்கள். விஷயம் சுலபம். முன்பெல்லாம் போன் ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது ஒன்றைப் பிரதானமாக வைத்துக்கொண்டு, வீடியோ கீடியோ இறக்கும்போது இன்னொன்றையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணை கழன்றுகொள்ளும். ஆனால் இதற்கான வசதி போனிலும் இருக்க வேண்டும். கம்பெனி அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, 'இனி வேகம் இரட்டிப்பு' என்று ஊருக்கே மெசேஜ் அனுப்பியது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஏழரை.

முதல் புகார் மளிகைக்கடை பாஷா பாயிடமிருந்து. கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். அதற்கு ஒரு அலைவரிசையைப் பிடிக்கவே மூச்சு வாங்கும். தொண்டை வற்ற விளக்கினேன். பாய் பருப்பு கட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிப்பா. ரெண்டு வுட்டீங்க, எனக்கு ஒண்ணுதான் வருது. இன்னொண்ண பக்கத்து வூட்டுக்காரன் இஸ்துக்கினானா?"

வருவதும் போவதும்

இரண்டாவது புகார்தான் என் தலைவிதி. ஸ்டெல்லா என்ற பெண். தறிக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து பட்டுப்புடவைகளை வாங்கி வந்து, வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் போனில் நேரலையாகக் காட்டி விற்கிறவள். கடை கிடையாது, போன்தான் கடை. முந்தானையை விரிக்கும்போது படம் உறைந்து நின்றுவிடும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு கடைக்குத் தாவிவிடுவார்கள்.

அவள் வீடு டவருக்குப் பக்கம்தான். சோதித்தால் இறங்கும் வேகம் பிய்த்துக்கொண்டு போகிறது. சிக்கல் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் டவரில் இரண்டு அலைவரிசையும் சேர்வது, போனுக்கு வந்து சேருவதற்கு மட்டும்தான். போனிலிருந்து வெளியே போவதெல்லாம் பிரதான அலைவரிசை ஒன்றிலேயே போகும். வீட்டுக்குள் அவள் போன் பிரதானமாகப் பிடித்திருந்ததோ, சுவரைத் துளைத்து உள்ளே வரும் குறுகலான அலைவரிசை. தெருவே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சென்னை ஆபீசுக்குப் போனில் சொன்னேன். இறங்கும் வேகம் எவ்வளவு என்றார்கள். சொன்னேன். "டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே சார், கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிட்டேன்" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். "எனக்கு வர்றது நல்லாத்தான் வருதுண்ணா. நான் அனுப்புறது போவ மாட்டேங்குதுன்னுதானே சொல்லிக்கினு இருக்கேன்?"

மொட்டை மாடி வெயில்

மறுபடி புகார், மறுபடி நான். மொட்டை மாடிக்குப் போனால் அகலமான அலைவரிசை பளிச்சென்று கிடைக்கும், போன் அதையே பிரதானமாகப் பிடித்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அடுத்த வாரம் புடவைகள் திரும்பி வந்தன. உச்சி வெயிலில் அரக்கு நிறம் மிளகாய்ச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. பட்டுப்புடவையை வெயிலில் விரித்ததற்குத் தறிக்காரர் தனியாகக் கத்தினாராம். வருகிற வெள்ளிக்கிழமையும் சொதப்பினால் புடவையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை வந்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. "மாடில நின்னா கலர் பொய் சொல்லுது, வூட்ல நின்னா டவர் பொய் சொல்லுது. நான் எத்த வெச்சிண்ணா யாவாரம் பண்றது?"

கருட சேவைக் கூட்டம்

சென்னை ஆபீஸ்காரர்கள் எங்கள் ஊரை எட்டிப் பார்ப்பது பெருமாள் கருட சேவை அன்றுதான். நல்லவேளை, அது அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம், எல்லாக் கையிலும் போன், எல்லா அலைவரிசையிலும் நெரிசல். அலைவரிசை திட்டமிடும் மேடமும் வந்திருந்தார். விட்டால் கிடைக்க மாட்டார் என்று நெரிசலுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். டவருக்குக் கிட்டே இருக்கும் போன்களுக்கு அகலமானதைப் பிரதானமாகவும் குறுகலானதைத் துணையாகவும் மாற்றித் தரச் சொன்னேன். இப்படி மாற்றப் போய்த் தூரத்து வீடுகளுக்குப் போன் பேச்சு பாதியில் அறுந்தால் உங்கள் தலையில்தான் விடியும் என்றார். எப்படியும் என் தலையில்தானே விடிகிறது என்றேன். சிரித்துவிட்டு, ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் திரும்பினால், என் சட்டையில் கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் வழி மறித்தார். அவர் மனைவி கூட்டத்தில் எங்கேயோ பிரிந்துவிட்டார், போன் போகவில்லை. இரண்டு அலைவரிசை சேர்த்திருக்கிறோம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "ரெண்டு தெருவும் அடைச்சிக்கினு நிக்குது, ரெண்டையும் சேத்து இன்னாபா பண்ணுவ? மொதல்ல என் சம்சாரத்த கண்டுபுடிச்சி குடு!"

அந்த வெள்ளிக்கிழமை

ஸ்டெல்லா வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து என் போனில் அவள் நேரலையைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே, ட்யூப் லைட் வெளிச்சத்தில். அரக்கு அரக்காகவே தெரிந்தது. முந்தானை விரிந்தது, ஜரிகை திரும்பியது, படம் நிற்கவில்லை. என் டீதான் ஆறிப்போனது. கடைசிப் புடவையும் போனபோது, கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த மாதிரி எனக்கு மூச்சு வந்தது.

அந்த வாரம்தான் ஆபீசில் புது விதி போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் குரல் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, திருப்தி என்றால் ஒன்றை அழுத்தச் சொல்லும். அழுத்தினால்தான் புகார் மூடும். என் போனில் பார்த்தால், 'வாடிக்கையாளர் அழைப்பைத் துண்டித்தார், புகார் தீரவில்லை' என்று வந்திருக்கிறது. ஓடிப் போய்க் கேட்டேன். ஸ்டெல்லா புடவை மடித்துக்கொண்டே, இத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். "நல்லா கேட்டீங்கண்ணா! லைவ் ஜோரா போய்க்கினு இருக்கும்போது யார்னா போன எடுப்பாங்களா?"

தீராதபோதெல்லாம் தீர்ந்ததென்று மூடிய புகார், தீர்ந்த பிறகு இன்றுவரை தீராத கணக்கில் என் பெயரில் கிடக்கிறது. என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.