எல்லோரும் ஏறிய திருப்பம்

அன்று காலை முதல் நடையில் வண்டியில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். மினி பஸ் டிரைவர். எட்டாவது வரை படித்தேன். லைசென்சுக்கு அது போதும்.

கண்டக்டர். என் மனைவியின் தம்பி. வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

பூக்காரம்மா. மல்லிகை ஒரு பை, சம்பங்கி ஒரு பை. கிணத்துக்கடவில் மேம்பாலத்துக்குக் கீழே கடை.

ஒரு பெரியவர். தினமும் தக்காளி மண்டிக்குப் போவார். நிலத்தை விற்று ரொம்ப நாளாகிறது. விற்க ஒரு காய் கிடையாது. விலை கேட்டுவிட்டுத் திரும்புவார்.

தோட்டத்தம்மா. எங்கள் சாலையில் பாதித் தென்னந்தோப்பு அவருடையது. மகன் காரை எடுத்துக்கொண்டு காலையிலேயே கோயமுத்தூர் போய்விடுவார். அதனால் எங்கள் வண்டி. மலைக் கோயிலுக்குப் போவார். முட்டி வலி. அடிவாரத்திலேயே சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

கடைசியாக அந்தப் பெண். காலனித் திருப்பத்தில் ஏறுவாள். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பி.காம். கடைசி வருஷம். அவளுடைய அம்மா முன்பு தோட்டத்தம்மாவின் தோப்பில் வேலை செய்தவர். இப்போது நார் மில்லுக்குப் போகிறார்.

கிணத்துக்கடவு வந்து பாலத்துக்குக் கீழே நிறுத்தினேன். கோயமுத்தூர் டவுன் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. வளைந்து போய்விட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அந்தப் பெண் எழவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, எறங்கலியா? திரும்ப ஊட்டுக்கே டிக்கெட் போட்டறட்டுமா?" என்றான் கண்டக்டர். எப்போதும் பண்ணுகிற கேலிதான்.

"போடுங்ணா" என்றாள்.

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தோம்.

பூக்காரம்மா பையைக் கீழே வைத்தார். "என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன தண்ணி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அட்டெண்டென்ஸ் அறுபத்தெட்டுதான் இருக்குதுங்க. எழுபத்தஞ்சு இல்லாட்டி பரிச்ச எழுத உடமாட்டாங்க."

"கேட்டுப் பாக்கறது?"

"போன தடவையே ஃபைன் கட்டி எழுதியாச்சுங்க்கா. ஒருக்காத்தான் உடுவாங்க. இப்ப எழுதலீன்னா அடுத்த வருசம் ஜூனியருங்களோட உக்காந்து மறுக்கா படிக்கோணும்."

"படிச்சாப் போச்சு" என்றான் கண்டக்டர்.

"அம்மா உடாதுங்ணா. மூணு வருசம்னுதான் பேச்சு. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. டிகிரி கைக்கு வந்துட்டா வேலைக்குப் போறேன்னு சொல்லித் தள்ளிப்போடலாம். நாலாவது வருசம்னா, அதுக்குப் பதிலா கல்யாணத்தப் பண்ணிக்கோன்னு சொல்லிப்போடும்."

கல்லூரியில் முதல் பீரியடுக்கு இல்லாவிட்டால் அரை நாள் போச்சாம். அவள் காலேஜ் வாசலுக்கே போவது அந்த ஒரு டவுன் பஸ்தான். பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வருகிற மற்ற வண்டிகள் மேம்பாலத்தில் ஏறிப் பறந்துவிடும்.

பெரியவர் தலையை ஆட்டினார். "எங்க காலத்துல முப்பத்தஞ்சு வாங்குனா பாசு. இப்ப சும்மா போய் உக்காந்திருக்கறதுக்கே எழுபத்தஞ்சா? அநியாயமா இருக்குதே. நீ ஊட்டுல நேரத்துல பொறப்படறதில்லியா புள்ள?"

"அவ நேரத்துக்குத்தான் நிக்கறா" என்றார் பூக்காரம்மா. "வண்டி எடுத்த பொறவு துண்ட வீசிக்கிட்டு ஓடி வர்றது யாருங்க?"

பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் வீடுகள் சேர்ந்து இருக்காது. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. மினி பஸ்ஸுக்கு ஒவ்வொரு கேட்டும் ஒரு நிறுத்தம். கேட்டில் ஆள் இல்லாவிட்டால் ஹாரன் அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து "வாரேனுங்" என்று சத்தம் வரும். வாரேன் என்றால் வருகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. தோசையை இப்போதுதான் கல்லில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இருந்தாலும் நிற்பேன். தெரிந்த ஆளை விட்டுவிட்டுப் போனால் மறுநாள் முகத்தைப் பார்க்க முடியாது.

பெரியவருக்காக வண்டியை நிறுத்தச் சொல்வதும் அந்தப் பெண்தான். திருப்பத்தில் அவள் ஏறியதும் வண்டியை எடுப்பேன். "இருங்ணா, தாத்தா வாராரு" என்பாள். அடுத்து பூக்காரம்மா சந்து. இறங்கிப்போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். அப்புறம் தோட்டத்தம்மா கேட்டு. ஏறும்போது அவர் கையிலிருக்கும் கூடையை வாங்கி வைத்துக்கொள்வாள். அவளுடைய நேரம் இப்படித்தான் போயிற்று. அதை அவள் சொல்லவில்லை.

பர்மிட்டில் போட்ட நேரத்துக்கு முன்னால் நான் வண்டி எடுக்க முடியாது. குண்டும் குழியுமான ரோட்டில் விரட்டவும் முடியாது.

கண்டக்டர்தான் சொன்னான். "எல்லாரும் ஒரே எடத்துல நின்னுட்டா தீந்துதுங்களே. திருப்பத்துல ஏறிக்குங்க. அங்க எடுத்தா நேரா இங்கதான்."

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.  தோட்டத்தம்மா அந்தத் திருப்பத்தில் இறங்கி நின்று நான் பார்த்ததில்லை. ஊரும் பார்த்ததில்லை.

அவர் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். "கோயிலுக்கு நேரமாச்சு" என்றார். போய்விட்டார்.

நான் கண்டக்டரைப் பார்த்தேன்.

"வாயில தானா வந்துபோச்சுங் மாமா" என்றான்.

மறுநாள் திருப்பத்துக்குப் போனபோது முதல் ஆளாகப் பெரியவர் நின்றார். "அர மணி நேரமா நிக்கறேன். எங்க போனீங்க எல்லாரும்?" என்று எங்களைப் பிடித்தார். பூக்காரம்மா இரண்டு பையையும் சுமந்துகொண்டு தன் சந்திலிருந்து திருப்பம் வரை நடந்து வந்திருந்தார். ஏறினார்கள். எடுத்தேன்.

தோட்டத்தம்மா அவருடைய கேட்டில்தான் நின்றார். நிறுத்தினேன். கேட்டைச் சாத்தினார். இரண்டு எட்டு வந்து திரும்பிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். "நாய்க்குச் சோறு வெச்சியா?" என்று உள்ளே இருக்கும் வேலையாளிடம் ஒரு சத்தம். "மோட்டார நிறுத்திப்போடு" என்று இன்னொரு சத்தம். பிறகு ஏறினார். அன்றைக்கு டவுன் பஸ் கிடைத்தது. அடுத்த நாள் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

"நான் வேணா அந்தம்மாகிட்ட பேசட்டுங்களா?" என்றான் கண்டக்டர்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்ணா" என்றாள் அந்தப் பெண். "முட்டி வலியோட எப்படி நடப்பாங்க?"

நானும் கேட்கவில்லை. கேட்கிற விஷயம் இல்லை அது.

ஒரு திங்கட்கிழமை. திருப்பத்தில் நிறுத்தினேன். பெரியவர், பூக்காரம்மா, அந்தப் பெண். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, வேலியோரமாக, கூடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தம்மா. புடவைக் கரையில் புழுதி. காலனிச் சனம் வாசலில் வந்து நின்று பார்த்தது. 

தோட்டத்தம்மா ஏறும்போது சொன்னார். "டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலீங்க" என்றார் பெரியவர். "நடந்தாத்தானுங்களே முட்டி நல்லாகும்?"

"நீங்க சும்மா இருங்க."

அவருடைய கேட்டை நான் நிறுத்தாமல் தாண்டினேன். கை தானாக கியருக்குப் போயிற்று. பழக்கம்.

அந்த வாரம் முழுதும் அவர் வேலியோரம்தான் நின்றார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அம்மா மில்லுக்குப் போகும் முன் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து திருப்பத்தில் போட்டார். "உக்காருங்கம்மா" என்று சொல்லவில்லை. போட்டுவிட்டுப் போனார். தோட்டத்தம்மா அதன் பக்கத்தில் நின்றார். மறுநாளும் நின்றார். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் அதில் உட்காரப் போனார். பூக்காரம்மா முறைத்தார். பெரியவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

அடுத்த நாள் வண்டி திரும்பும்போது பார்த்தேன். தோட்டத்தம்மா உட்கார்ந்திருந்தார். கூடை மடியில். கொஞ்ச நாள் கழித்து அவர் கையில் ஒரு டம்ளரும் இருந்தது. டீயா காப்பியா, தெரியாது.

ஒரு நாள் மகன் கேட்டாராம், அங்கே போய் எதுக்கு நிற்கிறாய் என்று. "நிக்கறதில்ல, உக்காந்திருக்கறேன்" என்றாராம். இதை அவரே வண்டியில் சொன்னார். கண்டக்டர் சிரித்த சிரிப்பில் சில்லறை கொட்டிவிட்டது.

அந்தப் பெண்ணின் அட்டெண்டென்ஸ் எழுபத்தொன்று ஆயிற்று. எழுபத்திரண்டு ஆயிற்று. பெரியவர் தக்காளி விலை மாதிரி தினம் கேட்பார். "இன்னிக்கு என்ன ரேட்டு புள்ள?"

"அது தெனம் ஏறாதுங் தாத்தா."

"எறங்காம இருந்தாச் சரி."

அப்புறம் ஒரு நாள் திருப்பத்தில் எல்லோரும் நின்றார்கள். அவளைக் காணோம்.

"எவளுக்காக நடந்து வந்தோமோ அவளே இல்ல" என்றார் பெரியவர். குரலில் கேலி இல்லை.

ஹாரன் அடித்தேன். "வாரேனுங்" வரவில்லை. அவளுடைய அம்மா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். தோட்டத்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். கூடையைப் பூக்காரம்மாவிடம் கொடுத்தார். காலனித் தெருவுக்குள் நடந்தார். எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் கை காட்டின.

நான் இன்ஜினை அணைக்கவில்லை.

இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் போர்வையைச் சுற்றியிருந்தாள். நல்ல காய்ச்சல். புத்தகப் பை தோட்டத்தம்மாவின் தோளில்.

"ஒரு நாள் போனாப் போகுதுன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கறா" என்றார் அவர். "இன்னிக்கு ஒண்ணு போனா, நாளைக்கும் காய்ச்சல் அடிச்சா, பொறவு ஆகாதாமா. எடு வண்டிய."

எடுத்தேன். அவள் எப்போதும் உட்காரும் சீட்டில் உட்காரவில்லை. தோட்டத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது தலை அவர் தோளில் சாய்ந்தது. எடுக்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும் கண்ணு" என்றார். அதுவரை அவளை அவர் புள்ள என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணாடியில் பார்த்தேன். பிறகு ரோட்டைப் பார்த்தேன்.

வழியில் நிற்க ஆளே இல்லை. எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். இருந்தும் தாமதம்தான். பாலத்துக்குக் கீழே நாங்கள் திரும்பும்போது டவுன் பஸ் புறப்பட்டுவிட்டது. இண்டிகேட்டர் போட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் என் வண்டியை அதற்கு முன்னால் குறுக்கே விட்டேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது.

பெரிய வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க! ரோடு உங்க அப்பன் ஊட்டுதுங்களா?" கோபத்திலும் அந்த 'ங்க' இருந்தது.

"ஆஃப் ஆயிப்போச்சுங்க" என்றேன்.

"பேட்டரி வீக்குங்க" என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினான். "தள்ளோணும். நாலு ஆளுக எறங்கி வந்தா தள்ளிப்போடலாம். நீங்களும் வாங்க!"

"நாங்க தள்ளறதுக்கா வந்தோம்?"

"பழகுனவங்களாட்ட இருக்கறீங்க, அதான் கேட்டேனுங்க."

இதற்குள் பூக்காரம்மா அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். பெரியவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஓடுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. டவுன் பஸ்ஸின் படியில் பையை வைத்து, "பச்சப்புள்ள, காய்ச்சலு, ஒரு சீட்டு குடுங்க சாமி" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்ததை நான் பார்த்தேன்.

அவள் உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினேன். முதல் அடியிலேயே கிளம்பியது.

பெரிய வண்டி டிரைவர் என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் போர்வையைப் பார்த்தார். ஹாரனை ஒரு தடவை மெல்ல அமுக்கிவிட்டுப் போனார்.

தோட்டத்தம்மா அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. பூக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும் நடையில் ஏறியபோது, "சூடம் கூடையிலயே இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளும் அவள் போனாள். காய்ச்சல் மாத்திரையைப் பூக்காரம்மா கையால் போட்டுக்கொண்டு போனாள்.

வகுப்புகள் முடிந்தன. பரீட்சைக்கு முன் வீட்டிலிருந்து படிக்க லீவு விட்டார்கள். அவள் வண்டிக்கு வர வேண்டியதில்லை. இனி அவரவர் கேட்டில் நிற்கலாம் என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. காலையில் நான் போகும்போது திருப்பத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். சிவப்பு நாற்காலி இருந்தது.

ஹால் டிக்கெட் கொடுக்கிற நாள் என்று அவள் சொல்லியிருந்த நாளுக்கு மறுநாள். முந்தின நாள் காலேஜிலிருந்து தோழி வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரிதான் வந்தாளாம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் நிறுத்தினேன். மூன்று பேரும் ஏறவில்லை. தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். நான் ஹாரன் அடிக்கவில்லை.

தலை வாராமல், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கையில் செல்போன்.

"என்ன ரேட்டு புள்ள?" என்றார் பெரியவர். 

 அவள் நேராக வண்டியின் முன்னால் வந்தாள். செல்போனை வெளியிலிருந்து கண்ணாடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எண் எனக்குப் படிக்கத் தெரியும்.

76.