இரண்டு பூ மிச்சமிருந்த தொட்டி

கோ தியென்-ஃபு தைனானில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கீழே கூடத்தில் அவர் மனைவி யூ-சென்னின் படம், அதன் முன்னால் இரண்டு நாணயங்கள். இறந்துபோனவர்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இங்கே அப்படித்தான், சுண்டிப் போட வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆம், சம்மதம். இரண்டும் பூ என்றால் இல்லை, வேண்டாம். இரண்டும் தலை என்றால் சிரிக்கிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு ஆர்க்கிட் வாங்கி வந்தது யூ-சென்தான். பளபளக்கும் பீங்கான் தொட்டி, வளைந்த மூன்று தண்டுகள், தண்டு நிறைய வெள்ளைப் பூக்கள். பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா வருவதற்குள் அவர் போய்விட்டார். பூக்கள் போகவில்லை. அதுதான் கோ தியென்-ஃபுவைப் படுத்தியது. வசந்தம் முழுக்க ஒவ்வொன்றாக உதிர, பொறுக்கிப் படத்தின் முன் வைத்தார். கடைசியில் நடுத்தண்டில் மட்டும் இரண்டு. அதற்குள் இலைகளும் துவண்டுவிட்டன. தாகம் என்று நினைத்து, காலையில் தனக்குத் தேநீர் ஊற்றும்போதெல்லாம் அதற்கும் தண்ணீர் ஊற்றினார்.

மே மழையில் நனைந்தபடி மைத்துனி யூ-மெய் வந்தாள். பால்கனி முழுக்க ஆர்க்கிட் வளர்ப்பவள். தொட்டிக்குள் விரலை விட்டு முகர்ந்தாள்.

"என்ன அத்தான், நாத்து நட்டிருக்கீங்களா? வயல் மாதிரி தண்ணி நிக்குது!"

"இலை தொங்குது பாரு. தண்ணி கேக்குது."

"கேக்கலை, மூழ்குது. வேர் அழுகிட்டா எவ்வளவு ஊத்தினாலும் குடிக்காது. இந்தத் தொட்டிக்கு அடியில ஓட்டையே கிடையாது. பரிசு குடுக்கத்தான் லாயக்கு. பூ முடிஞ்ச கையோட மாத்தணும்."

"எங்க முடிஞ்சுது? ரெண்டு இருக்கே."

"அழுகல் வந்தப்புறம் பூவுக்குக் காத்திருக்க முடியாது. தண்டை வெட்டிட்டு வெளிய எடுங்க. இல்லேன்னா செடியே போயிடும்."

"அவ பார்த்த பூ, யூ-மெய்."

"அப்ப அக்காவையே கேளுங்க."

வெட்டட்டுமா என்று படத்தைக் கேட்டு நாணயங்களைச் சுண்டினார். இரண்டும் தலை. மறுபடியும் இரண்டும் தலை.

"பாத்தியா, சிரிக்கிறா. வேண்டாங்கிறா."

"சிரிச்சா வேண்டாம்னு யார் சொன்னது? கேட்டது சரியில்லை, ஒழுங்கா கேளுன்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியாதா அவளை? எதைக் கேட்டாலும் சிரிப்பா. ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரிகூட வலிக்குதான்னு கேட்டேன். சிரிச்சா. சரி, வலி இல்லைன்னு வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன்."

தான் சொன்னது கோவுக்கே அப்போதுதான் காதில் விழுந்ததுபோலிருந்தது. பிறகு நாணயத்தைத் தொடாமல் அடுப்படிக்குப் போய், கத்தரிக்கோலைத் தீயில் காட்டிக் கொண்டுவந்தார். தண்டை அவரே வெட்டினார். இரண்டு பூவும் படத்தடிக்குப் போயின.

மண்ணுக்குப் பதிலாக மேலே பரப்பியிருந்த பாசியை விலக்கியதும் யூ-மெய் உச்சுக் கொட்டினாள். உள்ளே ஒரு செடி இல்லை, மூன்று. கடையில் தனித்தனி பிளாஸ்டிக் கிண்ணங்களில் வைத்து, நடுவே தெர்மாகோல் அடைத்திருந்தார்கள். கோ அதுவரை ஒன்று என்றே நினைத்திருந்தார். நடுச்செடியின் வேர்கள் ஊறிய நூடுல்ஸ்போலக் கையோடு வந்தன. கடைசி வரை பூத்துக்கொண்டிருந்தது செத்துப்போன அந்தச் செடிதான். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் ஒரே ஒரு வேர் கெட்டியாக, நுனியில் பச்சையாக இருந்தது.

அழுகியதை நறுக்கி எறிந்து, செடியைக் காற்றில் உலரவிட்டு, ஓட்டையுள்ள, கண்ணாடிபோன்ற சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் புதுப் பாசியை இளக்கமாகச் சுற்றி வைத்தாள் யூ-மெய்.

"ஒரு வாரம் தண்ணியே காட்டாதீங்க. அப்புறமும் பாசி காஞ்சாத்தான். பாசத்தைக் கொட்டாதீங்க அத்தான்."

"பொழைக்குமா?"

"ஒரு வேர்தானே இருக்கு. எனக்கென்ன தெரியும்."

அவள் போன பிறகு நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கோ படத்தின் முன் நின்றிருந்தார். நாணயங்கள் உள்ளங்கையில் இருந்தன.

"யூ-சென், இப்ப ஒழுங்கா கேக்கறேன். அன்னிக்கு ராத்திரி உனக்கு வலிச்சுதா?"

ஒன்று உடனே விழுந்தது. மற்றொன்று உருண்டு மேசைக்காலில் முட்டிச் சாய்ந்தது. ஒன்று தலை, ஒன்று பூ.

அவர் மறுபடி சுண்டிப் பார்க்கவில்லை.