உப்பு குடோன் வாசலில் நின்ற மதியம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். சிலது மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற பஸ் பாதையில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் பள்ளிக்கூடம். கடல் பக்கம் மாதா கோவில், அதைத் தாண்டினால் ஒரு ஐஸ் கம்பெனி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கவாட்டில், உப்பளப் பாதையில், உப்பு மூட்டை அடுக்குகிற பெரிய குடோன். இவ்வளவை மனதில் வைத்துக்கொண்டால் மீதி புரிந்துவிடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. சின்னப் பிள்ளைகளோடு இருக்கும்போது நன்றாகப் பேசுவேன். பெரியவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் படிப்பு வருடத் தொடக்கத்தில், ஜூன் மாதம், ஆபத்து நேரத்தில் பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சார். இன்னொருவர் மதுரைப் பக்கத்து அம்மா. ஆயாவும் சமையல்காரரும் கட்டாயம் உட்கார வேண்டும் என்றார் எங்கள் பெரிய டீச்சர். நாசரேத்துக்காரர் அவர், சொன்னால் சொன்னதுதான். நான் எதற்கு டீச்சர் என்று கேட்டதற்கு, பயந்துபோன பிள்ளை முதலில் யார் சேலையைப் பிடிக்கும் என்று திருப்பிக் கேட்டார். கதவோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் ஒளியச் சொன்னதும் கணக்கு சார் உள்ளே மாட்டிக்கொண்டார். நல்ல உடம்பு அவருக்கு. இரண்டு டீச்சர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்தவர், "நெசமா பூமி ஆடுனா நான் வெளியவே நின்னுக்கிடுதேன் சார்" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். ஐஸ் கம்பெனியில் அம்மோனியா வாயு இருக்கிறது, அது கசிந்தால் வாயு வருகிற பக்கமும் போகக் கூடாது, காற்று தள்ளுகிற பக்கமே நேராகவும் ஓடக் கூடாது, குறுக்கே விலகிப் போக வேண்டும் என்றார் தீயணைப்பு சார். கொடிக்கம்பத்து உச்சியில் ஒரு துணிக்கீற்றைக் கட்டினார். அது ஆடுகிற திசையைப் பார்த்து, சில நாள் கோவில் முற்றம், சில நாள் உப்பு குடோன் என்று இரண்டு இடம் முடிவு செய்தார்கள்.

அடுத்தது பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கிற முறை. ஒரே வாசல். ஒவ்வொரு பிள்ளையாக. பெற்றவர்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். அந்த அம்மா இதைச் சொன்னதும் எங்கள் டீச்சர்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படியில்லை. ஏதாவது நடந்தால், முதலில் ஓடி வருகிறவள் தெருப் பிள்ளைகள் அத்தனையையும் வாரிக்கொண்டு போவாள். யார் பெற்றது என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. அதிலும் ஞானத்தாய் வந்து கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தவளுக்கு, பெற்றவளுக்கு உள்ள பாத்தியதை உண்டு.

வாசலில் நின்று பிள்ளையைக் கொடுக்கிற வேலையை நடித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு டீச்சர் கோபக்காரத் தாயாக வந்து கத்தினார். எனக்குச் சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை காற்று மட்டும் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் போய் உட்காரப் பார்த்தேன். அந்த மதுரை அம்மா விடவில்லை.

"உங்க சத்தம் போதும்மா. கூட்டாதீங்க. ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொல்லுங்க. கேக்கணும்னா அவங்கதான் சத்தத்தைக் குறைக்கணும்" என்றார்.

அன்றைக்கே பெரிய டீச்சர் வாசல் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்களாச்சே, அவர்களிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்றேன். அதற்காகத்தான் உங்களை நிறுத்துகிறேன், உங்களைத் தள்ளிவிட்டு யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்றார். சொல்ல வேண்டிய வார்த்தையை வீட்டில் கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'பிள்ளைக பத்திரமா இருக்கு. ஒவ்வொருத்தரா வாங்க. பெத்தவுக கையிலதான் குடுப்போம்.' அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கண் எரிந்தது. மூத்திர நெடி மாதிரி ஒன்று, அதைவிடக் காரமாக, மூக்குக்குள் ஊசி ஏற்றியதுபோல் வந்தது. பெரிய டீச்சர் வெளியே வந்து கொடிக்கம்பத்தைத்தான் முதலில் பார்த்தார். துணிக்கீற்று கோவில் பக்கமிருந்து எங்களைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. விசில் ஊதினார். கைக்குட்டை, துப்பட்டா, என் முந்தானை எல்லாம் குழாயில் நனைந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் கால் தானாகக் கோவிலுக்குத்தான் போகும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கோவில் பக்கத்து கேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கணக்கு சார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்று, கோவில் இல்லை, குடோன் என்று திருப்பினார். அன்றைக்கு அந்த உடம்பு எங்களுக்கு ஒரு மதில் மாதிரி இருந்தது. யாரும் ஓடவில்லை. நடந்தே குடோனுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துக் கதவுகளைச் சாத்தினார்கள். காற்றுக்குக் குறுக்கே விலகியிருந்ததால் அங்கே நெடி லேசாகத்தான் இருந்தது. வெளிக் கேட்டில் ஓர் ஆள் நுழைகிற சின்னக் கதவு இருந்தது. அதற்கு முன்னால் நான் நின்றேன்.

சனம் வந்துவிட்டது. முதலில் வந்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. மீன் விற்கிறவள், அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அவளுக்குப் பிள்ளையில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு சின்னவளுக்கு ஞானத்தாய். அந்தப் பிள்ளைதான் அவளுக்கு உலகம்.

"மயினி, கதவத் தொற. தெருப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கோவிலுக்குப் போறேன்."

நான் என் வார்த்தையைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது அவளை எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"பெத்தவுகளா? என்னப் பாத்தா சொல்லுத?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, மாதா கோவிலுக்கே பிள்ளைகளை விட மாட்டாளாம், இவள்தான் இனி நமக்கு மாதாவோ என்றாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கேட்டை ஆட்டினார்கள். கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் எனக்கு நல்லவர்களாகிவிடுவார்கள். ஆனால் காற்று கோவில் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவளுடைய அந்தச் சின்னவளுக்கோ இளைப்பு உண்டு, மூச்சு இழுக்கும். அதே வார்த்தையை அதே மாதிரி மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, முன்னால் நின்றவர்கள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகப் பின்னால் இருந்தவர்களை அடக்கினார்கள். அந்த மதுரை அம்மா சொன்னது நிஜம்தான். பெற்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வர, உள்ளே டீச்சர் பெயரைக் கூப்பிட, நான் பிள்ளையின் கையைத் தாய் கையில் வைத்து அனுப்பினேன். உப்பளப் பாதையிலேயே போங்கள், ஊர்ப்பக்கம் திரும்பாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அப்போது பெரிய டீச்சர் என் தோளைத் தொட்டார். சின்னவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் கொடுத்துவைத்திருந்த மருந்தைப் பையில் எடுத்து வந்திருந்தார்கள், உறிஞ்சக் கொடுத்தாயிற்று. 108க்கும் சொல்லியாயிற்று. ஆனால் பாதை முழுக்க பைக்கும் ஆட்டோவுமாக நிற்கிறது, ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்றார்.

சத்தம் போடுகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று பொய்யாகத் தேற்றாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் நாத்தனாரைக் கிட்டே கூப்பிட்டேன்.

"ஏளா, உன் பிள்ளைக்கு எளப்பு வந்திருக்கு. மருந்து குடுத்தாச்சு. ஆம்புலன்ஸ் வருது, வழியில்ல. எனக்குச் சத்தம் வராது. நீ சொன்னா கேப்பாவ."

உன் பிள்ளை என்று நான் சொன்னதை அவள் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பினாள்.

"வண்டிகள எடுங்கலே. ஆம்புலன்ஸ் வருது. எவன் வண்டி நடுவுல நின்னாலும் உப்புப் பாத்தியில தள்ளிப்புடுவேன். அண்ணாச்சி, ஒமக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பாதை திறந்துவிட்டது. ஒரு பைக் நிஜமாகவே பாத்தி வரப்பில் சாய்ந்து கிடந்தது, அவள் தள்ளினாளா தானாகச் சாய்ந்ததா, எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் கேட்டுக்கே வந்து நின்றது. கூட ஓர் இளம் டீச்சர் ஏறினார். பிள்ளையோ யாரிடமும் போகாமல் அழுதது. அழ அழ மூச்சு இன்னும் இழுத்தது. ஒப்படைப்பது வேறு, துணைக்கு அனுப்புவது வேறு என்று சொல்லிப் பெரிய டீச்சர் நாத்தனாரையும் ஏற்றச் சொன்னார். அவள் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை நின்றது. வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் வந்தாள். தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தலையில் கம்பெனித் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், அப்படியே ஓடி வந்திருக்கிறாள். போன் பண்ணியும் அவள் கிடைத்திருக்கவில்லை, ஊரில் வாயு கசிகிறது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். சுனாமி வந்த அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் பக்கம் பெரிய சேதமில்லை, ஆனால் ஊரே ஓடியது. என் மகனை யாரோ நல்ல மனதோடு ஒரு லாரியில் தூக்கிப் போட்டு விளாத்திகுளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சோறு கொடுத்து நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் தெரியாது. பொழுது சாயும் வரை தெருத் தெருவாக, கரை கரையாகத் தேடினேன். பார்த்தவர்கள் எல்லோரும், ஒன்றுமில்லை, பயப்படாதே என்றார்களே தவிர, எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஓர் ஆளில்லை. பிள்ளை உயிரோடுதான் இருந்தான். அந்த ஒரு பகலில் நான்தான் செத்துப் பிழைத்தேன்.

அதனால் அவள் கேட்கும் வரை நான் நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன் பிள்ளைக்கு எளப்பு வந்துச்சு. மருந்து குடுத்து, ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. ஒரு டீச்சரும் அவ ஞானத்தாயும் கூட இருக்காவ. போகும்போது நெனவோட நிமிந்து உக்காந்திருந்தா. நான் கண்ணால பாத்தேன்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், திக்கவே இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஞானத்தாயா கூட இருக்கிறாள் என்று ஒரு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்ப சரி என்று எழுந்தாள். கணக்கு சார் பைக்கில் அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார்.

கம்பெனியில் கசிவை அடைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. இருட்டும் முன்னால் எல்லாப் பிள்ளைகளும் பெற்றவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஒருவர் விடாமல். சின்னவளும் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நாத்தனார் சில நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் நெத்திலி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அடுத்த பயிற்சி எப்போது, நானும் வருவேன் என்றாள். பெரிய டீச்சர் சரி என்றார். அடுத்த வருடப் பயிற்சியில் கோபக்காரத் தாயாக நடித்தது அவள்தான். மதுரை அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். இப்போது பிள்ளையைச் சேர்க்கும்போதே, பெற்றவர்கள் இல்லாவிட்டால் யார் கையில் கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் ஞானத்தாயைத்தான் சொல்கிறார்கள்.

வாயுவின் பெயர், காற்றடித்த திசை, மருந்தின் விவரம் எல்லாம் நான் கேட்டதையும் கண்டதையும் வைத்து எழுதியது. தப்பு இருக்கலாம். விவரம் தெரிந்த டீச்சர் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலை மட்டும் திருத்த வேண்டாம். என் ஆயுசில் ஒருவருக்கு நான் சரியாகச் சொன்ன பதில் அதுதான்.