கிருஷ்ணப்பாவும் அந்த சிடியும்

ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுபோயிடும்னு ஊரே பேசிட்டிருந்துச்சே, அந்த வருஷத்துல இருந்து மகன் குரலையே கேட்டுட்டிருந்த கிருஷ்ணப்பா இன்னிக்குக் காலைல போய்ட்டான்.

எனக்கு எழுத்து தெரியாதுங்க. போனுல மைக்க அமுக்கிப் பேசறேன், அதுவே எழுதிக்குது. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

மூக்கண்டப்பள்ளில பக்கத்துப் பக்கத்து ஊடு. ஒரே யூனிட்டு, தகடு அடிக்கற ஒரே பிரஸ் ஷாப்பு, ஒரே ஷிஃப்ட்டு... அவங்க ஊட்ல தெலுங்கு, எங்க ஊட்ல தமிழு. சண்டை வந்தா ரெண்டும்.

மகன் மஞ்சு பர்கூர்ல படிச்சிட்டிருந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கியாந்து ஊட்ல வச்சான். தன் குரலையே சிடில ஏத்திக் கொண்டாந்து போட்டான்.

"நைனா, நான் மஞ்சு. கம்ப்யூட்டருக்குள்ள இருந்து பேசறேன். ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்தா கை கழுவிட்டுச் சாப்புடு. அம்மாகிட்டக் கத்தாத..." அப்புறம் ஒரு சிரிப்பு.

கிருஷ்ணப்பா, அவன் சம்சாரம் கௌரம்மா, நான். முழுசாக் கேட்டது மூணே பேரு.

அடுத்த மாசம் ஹைவேல லாரி அடிச்சு மஞ்சு போய்ட்டான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. கம்பெனில பிரஸ்ஸுக்குப் பொட்டு வச்சோம், ஸ்பேனருக்கு வச்சோம், ஸ்டூலுக்குக்கூட வச்சோம். கிருஷ்ணப்பா ஊட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்கு வச்சான்... சிடிக்கும் வச்சான். சந்தனம், மேல குங்குமம். பளபளன்னு இருக்கற பக்கமாப் பாத்து.

மறுநாள் தொடச்சிட்டுப் போட்டான். "நைனா, நான் மஞ்சு"ன்னு ஒழுங்கா வந்துச்சு. "அம்மாகிட்ட... கிட்ட... கிட்ட... கிட்ட..."

அவ்ளோதான். அதுக்கு மேல போகல.

ஸ்பீக்கர் ஒயர ஆட்டிப் பாத்தோம். வேற ஸ்பீக்கர் மாட்டுனோம். எதிர் யூனிட்டு பிரஸ் அடிக்கறப்ப கரண்டு குதிக்குது, அதான் திக்குதுன்னான் கிருஷ்ணப்பா. ஸ்டெபிலைசர் வச்சோம். யூனிட்டெல்லாம் லீவு உட்ட ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்தோம்... கிட்ட, கிட்ட.

பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் கடை வச்சிருந்த பாபுவக் கூட்டியாந்தோம். மூடியத் தொறந்து தூசி ஊதுனான். சவுண்ட் கார்டு மாத்துனான். விண்டோஸ மறுபடி ஏத்துனான்.

கடைசில தன் பைல இருந்து ஒரு பாட்டு சிடி எடுத்துப் போட்டான். எங்கியும் நிக்காம பாடிச்சு.

"அண்ணா, மிஷின் நல்லாத்தான் இருக்குது"ன்னு மஞ்சு சிடியத் திருப்பிப் பாத்தான். "என்னண்ணா இது இத்தன கீறலு? எதுல தொடச்சீங்க?"

"கம்பெனி வேஸ்ட்டுலதாம்ப்பா."

நாங்க கை தொடைக்கறது, மிஷின் தொடைக்கறது எல்லாம் அந்த நூல் வேஸ்ட்டுதான். அதுல இரும்புத்தூள் இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா... சிடிக்கு அது ஆகாதுன்னுதான் தெரியல.

"கம்ப்யூட்டர்ல காப்பி போட்டு வச்சிருந்தா பொழச்சிருக்கும்ணா"ன்னான் பாபு. பல் பேஸ்ட்டு தேய்ச்சுப் பாக்கட்டுமான்னான்.

கிருஷ்ணப்பா சிடியப் புடுங்கி மாருல வச்சிக்கிட்டான். "வேணாம். நைனாங்கறானே, அது போதும்."

கௌரம்மா சமையக்கட்டுல இருந்து "போனீலே"ன்னுச்சு. போகட்டும் உடுங்கன்னு அர்த்தம்.

அப்புறம் அவங்கிட்ட எப்பப் போனாலும் ஒரே கேள்விதான். "கிட்டக்கு அப்புறம் என்னடா சொன்னான்?"

"கத்தாதன்னான்டா. சிரிச்சான்."

"எப்புடிச் சிரிச்சான்? சிரிச்சுக் காட்டு."

காட்டுவேன். "தூ... நீ சிரிக்கறது எரும கனைக்கற மாதிரி இருக்குது"ம்பான். நாளைக்கு மறுபடி கேப்பான்.

கொஞ்ச வருஷத்துல "நைனா"வும் நின்னுபோச்சு. சிடியப் போட்டா மிஷின் சும்மா சுத்தும். அந்தச் சத்தத்தயும் உக்காந்து கேட்டுட்டிருப்பான்.

போன வாரம் ஆஸ்பத்திரில பேச்சு சரியா வரல அவனுக்கு. கைய மட்டும் ஆட்டுனான். எனக்குப் புரிஞ்சுது. சிரிச்சுக் காட்டுனேன். தலையத் திருப்பிக்கிட்டான்.

மத்தியானம் எடுத்துட்டோம். சிடிய மாருல வச்சு அனுப்புனோம்.

நல்லபடியாப் போய்ச் சேரு கிருஷ்ணப்பா. எருமச் சிரிப்பு இனி உனக்கு வேணாம்.

மஞ்சுவுக்கு அவங்க அம்மா சிரிப்பு... அச்சு அசல். லாரி அடிச்ச நாள்ல இருந்து அது சிரிச்சு நான் பாக்கல. காலைல இருந்து கம்ப்யூட்டர் இருந்த மூலைலயே உக்காந்திருக்குது, கௌரம்மா.