அமீபாக்காரி தரு

ராணாகாட் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஊராரின் மலத்தைப் பார்த்துவருபவர் தருலதா பிராமாணிக். கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தருவுக்குச் சிரிப்பு தாங்காது. யார் வயிற்றில் என்ன ஊர்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்!

அந்தச் சனிக்கிழமை மட்டும் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் கிதீஷ் பாபுவுக்கு ஆறு வாரமாக ரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்கத்தாவில் மூன்று முறை பார்த்தும் அமீபா அகப்படவில்லை. இது வேறு குடல் நோய், திங்கட்கிழமை ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்றுவிட்டார் அங்குள்ள டாக்டர். உள்ளே அமீபா இருக்க, ஸ்டீராய்டும் போனால் குடலே ஓட்டையாகிவிடலாம். தானும் ஒருமுறை பார்த்துவிட நினைத்து, மலத்தை ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொல்லியிருந்தார் தரு.

நாலாவது டப்பாவைத் தருவிடம் கொண்டுவந்தார் கிதீஷ் பாபுவின் மனைவி சாருபாலா; தருவுக்கு அவர் 'பௌதி', அதாவது அண்ணி. கத்தரிக்காயைக்கூடக் கங்கை ஜலம் தெளித்துத்தான் வீட்டுக்குள் விடுவார், அப்படியொரு மடி. மூடியைத் திறந்ததுமே தருவின் மூக்கு சுருங்கியது.

"பௌதி, இதுல என்ன ஊத்துனீங்க?"

"ரெண்டு சொட்டு பினாயில்தான். அந்த அசிங்கத்தை அப்படியேவா உன் கையில குடுக்கறது?"

"கல்கத்தாவுக்குக் கொண்டுபோனதுலயுமா?"

"பின்னே? ரெண்டு மணி நேரம் லோக்கல் ரயில்ல மடியில வெச்சுக்கிட்டுப் போறேன். பக்கத்துல உக்காந்தவ என்ன நெனப்பா?"

"நல்லா இருக்கு போங்க! அமீபா உசுரோட நகர்ந்தாத்தான் என் கண்ணுல படும். நீங்க பொணமாக்கிக் கொண்டாந்தா நான் என்னத்தைத் தேடறது? அண்ணனை இங்கயே வரச் சொல்லுங்க. சூடு ஆறுறதுக்குள்ள பாக்கணும்."

கிதீஷ் பாபு குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "நெனச்ச நேரத்துக்கு வருமா தரு?"

"ஆறு வாரமா நெனைக்காத நேரமெல்லாம் வந்துச்சே, இப்ப மட்டும் வெக்கமா அதுக்கு? கொல்லைப்பக்கம் போங்க."

பத்தே நிமிஷத்தில் ஸ்லைடு தயார். நுண்ணோக்கியின் கீழ் ஒன்று சோம்பலாக ஒரு பக்கம் பிதுங்கியது; மிச்ச உடம்பும் அதன் பின்னாலேயே வழிந்து நகர்ந்தது. உள்ளே அது விழுங்கிய ரத்த அணுக்கள்.

"சிக்கிட்டான்!" தரு போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சாருபாலா அழுதே விட்டார். "என் சுத்தமே அவரை முடிச்சிருக்குமேடி!"

மாத்திரை சாப்பிட்ட பத்தாம் நாள், இலிஷ் மீன் வேண்டுமென்று கிதீஷ் பாபு வீட்டில் சண்டை பிடித்தார். மறுநாள் சாருபாலா ஒரு டப்பா நிறைய சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தார். தரு பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார்.

"தைரியமாத் தின்னுடி," என்றார் சாருபாலா. "கங்கை ஜலம்கூடத் தெளிக்கல."