ஏனுங்க

எங்கள் சபைக்குப் புதிதாக வந்தபோது போதகருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆராதனை முடிந்து வாசலில் நிற்பார். பின்னாலிருந்து யாராவது "ஏனுங்க" என்பார்கள். திடுக்கிட்டுத் திரும்பி, "ஏனா? நான் என்ன செஞ்சேன்?" என்பார். எங்கள் பக்கம் அது கேள்வி இல்லை, ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவது என்று அவருக்கு விளங்க ஆறு மாதம் பிடித்தது. அப்புறம் பழகிவிட்டார். யார் "ஏனுங்க" என்றாலும் உடனே "சொல்லுங்கம்மா", "சொல்லுங்கய்யா" என்று வந்துவிடும்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அதற்குமேல் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலக் காகிதத்திலும், வேதத்திலும், மனிதர் வாயிலும்தான். யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி வைத்துக்கொள்வேன். அதில் பாதி என் வீட்டுக்காரர் சொன்னது. அவர் கோயிலுக்கும் போகமாட்டார், சபைக்கும் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் பேக்கரியில் டீயும் பேப்பருமாக உட்கார்ந்துகொள்வார். என் ஜெபத்தில் அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஏம்புள்ள, என்னையக் கூப்புட்டா ஏனுங்க, வாங்க, சாப்புடுங்கங்கற. வானத்தையும் பூமியையும் செஞ்சவருங்கற, அவரைய மட்டும் நீர், வாரும், தாரும்னு அதட்டற. ஒரு 'ங்க' போட்டா என்ன குறைஞ்சா போயிருவ?"

"அது ஜெபத்துப் பாஷைங்க."

"போலீஸ் டேசன்ல ஏட்டையா பேசற பாஷை."

அதையும் எழுதி வைத்தேன்.

போன சித்திரையில் நடந்தது இது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு காடு. காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம்; அது முழுக்க நேந்திரன் வாழை. தார் தள்ளிக் காய் பிடித்துவிட்டது. முற்ற இன்னும் ஒரு மாதம் வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தத் தார்களை நம்பித்தான். அந்த ஒரு மாதத்துக்குத் தண்ணீர் இல்லை. போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரம் வரும், அப்புறம் ஆஸ்துமாக்காரர் மாதிரி காற்றாக இழுக்கும். இலைகள் நடுப்பகலில் குடையை மடக்கியதுபோல் மடங்கின. வீட்டுக்காரர் தினமும் மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மேகத்தைத் தேடினார், நான் மேகத்தை அனுப்புகிறவரை.

செவ்வாய்க்கிழமை சபைப் பெண்களைத் தோட்டத்துக்கே அழைத்துவந்தேன். பத்துப் பேர் வரப்பில் முழங்கால்போட்டோம். வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்துத் தோட்டத்து அக்கா நின்றிருந்தார். அவர் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் கையைக் கூப்பி, "அம்மணி, எங்க வாழைக்கும் சேத்திக் கேட்டுரு" என்றார். நான் சத்தமாகவே கேட்டேன். மலைகளை நிறுத்தினவரே, மேகங்களை நடத்துகிறவரே, நீர் இந்தக் காட்டை நினைத்தருளும் என்றேன். ஒரு வேகத்தில் பொருத்தனையும் செய்துவிட்டேன்: மழையைத் தந்தீரானால் வருகிற ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று சாட்சி சொல்வேன்.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு மழை வந்தது.

முதல் துளிகள் புழுதியில் விழுந்து உருண்டன. மண் வாசம் எழுந்தது. நான் நனைந்துகொண்டே வரப்பில் நின்று ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சிரித்தேன். வீட்டுக்காரரே மோட்டார் ரூம் வாசலிலிருந்து, "வந்துட்டாரு புள்ள உங்காளு" என்றார். அப்போதுதான் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது.

காய் சுமந்த வாழை முறியும் சத்தம் பெரிய சத்தமில்லை. தலையணையை யாரோ தரையில் போடுவதுபோல ஒரு 'தொப்'. ஒன்று, ரெண்டு, அப்புறம் வரிசையாக. நாங்கள் கொடுத்திருந்த மூங்கில் முட்டு, கட்டியிருந்த கயிறு, எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. மோட்டார் ரூமுக்குள் நின்று அவர் இரண்டு கையாலும் கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் "போதும், போதும்" என்றேன். நிறுத்தும் என்று சொல்லத் தோன்றவில்லை, போதும் என்றுதான் வந்தது, இலையில் சோறு வைக்கிறவரிடம் கையைக் குறுக்கே நீட்டுவதுபோல. பத்து நிமிஷம் இருக்கும். ஓய்ந்தபோது இடுப்புக்குமேல் எதுவும் நிற்கவில்லை. எதிரே மலை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி, நெற்றியில் இரண்டு வெள்ளருவியோடு நின்றது. அத்தனை அழகாக அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்த அழகு எனக்குப் பொறுக்கவில்லை.

போன் டிங் டிங் என்றது. சபை குரூப்பில் டவுனில் இருக்கிற ஒரு அம்மா மொட்டைமாடி மழையை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். 'சகோதரியின் ஜெபம் கேட்கப்பட்டது!' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவின் வாழையும் போயிருந்தது. மறுநாள் வேலியோரம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏனம்மணி, மழை கேட்டுப்போட்ட, செரி. காத்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

சனிக்கிழமை விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கினோம். முற்றாத தாரை யார் வாங்குவார்கள்? மாட்டுக்குப் போட்டோம். வெட்டிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார், "உங்க ஆறு நாள்ல காத்தை எந்த நாளு செஞ்சாரு?" கிண்டல் இல்லை, களைப்பில் கேட்டார். தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த அந்தப் பாடத்தை ஞாயிறு பள்ளியில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவள் நான். வெளிச்சம், ஆகாயம், செடிகொடி, சூரியன், மீன், மிருகம் என்று விரல்விட்டுப் பார்த்தேன். காற்றுக்கென்று ஒரு விரல் இல்லை. "தெரியலைங்க" என்றேன்.

அவர் குனிந்து ஒரு பக்கக்கன்றைக் காட்டினார். வியாழன் காலையில்தான், தாய்மரத்தின் தண்ணீரை உறிஞ்சுகிறதென்று அதை அரிவாளால் தட்டையாகச் சீவியிருந்தார். சீவின இடத்தின் நடுவிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு வெளிர்பச்சையாகக் குருத்து ஏறியிருந்தது. "இதுக்கு ஒரு எழவும் தெரியாது. நாம வெட்டுனதுந் தெரியாது, தாய்மரம் விழுந்ததுந் தெரியாது" என்றார். சபையில் நாங்கள் 'உண்மையுள்ளவர்' என்று பாடுவோம், சொன்ன சொல் மாறாதவர் என்று அர்த்தம். அந்தக் குருத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. ஆறுதலாக வந்ததா, பயமாக வந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் என்ன கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேவன் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறார் என்றால், நடுவில் நான் எதற்கு?

ஞாயிறு காலை, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்து நிறுத்திவிட்டார்.

"சொல்றேன்னு சொன்னவ நீ. மழை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சுங்க."

"அப்ப ஏறு."

பாட்டு முடிந்ததும் போதகர் என்னைப் பார்த்தார். எங்கள் காடு படுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. "நம்ம சகோதரி சாட்சி சொல்லுவாங்க" என்று மைக்கை நீட்டினார். முழங்கால்போட்ட பத்துப் பெண்களும் முகம் மலர்ந்து திரும்பினார்கள். ஜன்னல் வழியே வெளி கேட் தெரிந்தது. வீட்டுக்காரர் பேக்கரிக்குப் போகாமல் கேட்டிலேயே நின்றிருந்தார்.

'வானத்தையும் பூமியையும் உண்டாக்கின தேவன் உண்மையுள்ளவர்' என்று ஆரம்பிப்பதாக வழியெல்லாம் மனதில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க..."

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

"சொல்லுங்கம்மா" என்றார் போதகர், பழக்கத்தில். பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் போதகரைக் கூப்பிடவில்லை. யாரையாவது கூப்பிட்டேனா, கேள்விதான் கேட்டேனா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"மழை கேட்டேனுங்க. வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது.

ஆராதனை முடிந்து வீட்டுக்காரர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். மலை தெரிய ஆரம்பித்ததும், "என்ன சொன்ன?" என்றார்.

"ஏனுங்கன்னேன்."

"பரவால்ல, 'ங்க' போட்டுட்ட." கொஞ்ச தூரம் போய், "அதுக்கு என்ன பதிலு?" என்றார்.

"சொல்லுங்கம்மான்னாங்க."

"நீ சொல்லலியா?"

எங்கள் காடு வந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னன்னு சொல்றதுங்க?"